டீச்சர் தோற்றால் வேலை திரும்பக் கிடைக்க வேண்டும்

எங்கள் தொகுதியில் இந்த முறை ஒரு அரசுப் பள்ளி ஆசிரியை சுயேச்சையாக நிற்கிறார். வேலையை ராஜினாமா செய்துவிட்டு நிற்கிறார். திருவாரூர்ப் பக்கம் எந்த டீக்கடையில் உட்கார்ந்தாலும் பேச்சு அந்த ராஜினாமாவைப் பற்றித்தான். "பாவம், நல்ல வேலையை விட்டுட்டாங்களே, தோத்துட்டா என்ன பண்ணுவாங்க?" கேட்கக் கேட்க எனக்குக் கோபம் வருகிறது. அவர் மேல் இல்லை. விட்டால்தான் நிற்கலாம் என்று வைத்திருக்கிற ஏற்பாட்டின் மேல்.

அரசிடம் ஆதாயம் தரும் பதவியில் இருப்பவர் சட்டமன்ற உறுப்பினராக முடியாது என்கிறது அரசியலமைப்பின் 191ஆவது பிரிவு. அரசு ஊழியர் நடத்தை விதிகளும் விடாது. சுயேச்சைக்கு முன்மொழிய 10 வாக்காளர்கள் வேண்டும், பொதுத் தொகுதியில் டெபாசிட் 10,000 ரூபாய். இதையெல்லாம் புரட்டிவிடலாம். ஆனால் ஒரு டீச்சர் கட்டுகிற உண்மையான டெபாசிட் அவருடைய மீதி சர்வீஸ்தான். செல்லத்தக்க ஓட்டில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் வாங்கினால் பத்தாயிரம் திரும்பி வரும். வேலை வராது.

அரசு வேலை எடுத்துச் செய்கிற காண்ட்ராக்டருக்கும் தடை உண்டு, மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 9ஏ பிரிவில். அவர் அடுத்த காண்ட்ராக்டை மச்சான் பெயரில் எடுத்துக்கொண்டு மனு கொடுத்துவிடலாம். டீச்சர் தன் வேலையை யார் பெயருக்கு மாற்றுவார்?

தடைக்குக் காரணமே இல்லை என்று நான் சொல்லவில்லை. வாக்காளர் பட்டியலோடு வீடு வீடாக வருவதும், பூத்தில் தலைமை அலுவலராக உட்காருவதும் பெரும்பாலும் ஆசிரியர்கள்தான். அவர்களே பதவியில் இருந்துகொண்டு ஓட்டும் கேட்டால் தேர்தலை யார் நம்புவார்கள்? அது நியாயமான கவலை. ஆனால் அதற்கு விடுப்பு போதும், ஆயுளுக்கும் வேலையைப் பறிக்க வேண்டியதில்லை.

இவ்வளவு விலை கொடுக்கச் சொன்னால் யார் வராமல் போகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். டெல்டாவில் ஒரு கிராமத்துப் பள்ளி டீச்சருக்குத் தெரிந்தது எந்த மாவட்டச் செயலாளருக்கும் தெரியாது. தண்ணீர் வந்து நடவு தொடங்கினால் எந்த வீட்டில் அம்மா விடியுமுன் கிளம்பிவிடுவார், எந்தப் பிள்ளை வெறும் வயிற்றோடு வரும் என்று அவருக்குத் தெரியும். காலை உணவுத் திட்டத்தை 2023 ஆகஸ்டில் நம் திருக்குவளையில் வைத்து மாநிலம் முழுக்க விரித்தார்கள். அந்தப் பசி அதற்கு எத்தனையோ வருடம் முன்பே வகுப்பறையில் தெரிந்த பசி. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது ஜனங்கள் தங்கியதும் பள்ளிக்கூடங்களில்தான். தென்னையும் கூரையும் போன பிறகு எந்தக் குடும்பம் திருப்பூருக்குப் போனது, எந்தப் பெண் பத்தாவதோடு நின்றாள் என்பதெல்லாம் வருகைப் பதிவேட்டில் இருக்கிறது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று 94 பிள்ளைகளை நெருப்புக்குக் கொடுத்தோமே, அந்த மண்ணில் பள்ளிக் கட்டடத்தைப் பற்றிச் சட்டமன்றத்தில் பேச உள்ளே இருந்து பார்த்தவர் ஒருவர் வேண்டாமா?

முன்பு மேலவை இருந்தது. அதில் பன்னிரண்டில் ஒரு பங்கு உறுப்பினர்களை ஆசிரியர்களே ஓட்டுப் போட்டு அனுப்பினார்கள். 1986 நவம்பர் 1இல் அதையும் கலைத்தாகிவிட்டது.

சரி, என்ன செய்யலாம்? மனு தாக்கல் செய்யும் முன்பே சம்பளமில்லா விடுப்பில் போகட்டும். தோற்றால் வேறு மாவட்டத்தில் வேலை கொடுங்கள், அடுத்த பொதுத்தேர்தல் முடியும்வரை தேர்தல் பணி வேண்டாம். ஜெயித்தால் அப்போது ராஜினாமா செய்யட்டும். இதற்கு டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. எந்தப் பதவி தகுதியிழப்பு ஆகாது என்று மாநிலச் சட்டமன்றமே சட்டம் போட அதே 191ஆவது பிரிவு இடம் தருகிறது. நடத்தை விதிகளைத் திருத்துவதும் மாநில அரசின் கையில்தான் இருக்கிறது.

என் ஓட்டு டீச்சருக்குத்தான். பரிதாபப்பட்டு இல்லை, கூட்டத்தில் மற்றவர்கள் தலைவர் பெயரைச் சொல்லிக்கொண்டிருக்க, அவர் மட்டும் படிப்பை விட்ட பிள்ளைகளைத் திரும்ப அழைத்து வருவது பற்றிப் பேசினார். ஆசிரியர் சங்கத்துத் தோழர்களிடமும் ஒன்று கேட்கிறேன். பழைய ஓய்வூதியத்துக்கும் சம ஊதியத்துக்கும் தெருவில் நின்றீர்கள், நாங்களும் கூட நின்றோம். அடுத்த கோரிக்கைப் பட்டியலில் இதையும் சேருங்கள்.