சுலபமான பாதை என்றால் அவ்வளவு இளக்காரமா?

போன வாரம் எங்கள் வாட்ஸ்அப் நடைக்குழுவில் ஒரு சின்னச் சண்டை. கிழக்கு லண்டன் தமிழர்கள் முப்பது பேர் மாதம் ஒரு முறை எங்காவது சேர்ந்து நடப்போம். அடுத்த முறை லண்டன் ஓரத்தில் இருக்கும் எப்பிங் காட்டில் கனாட் குளத்தைச் சுற்றலாம் என்று எழுதினேன். "அதெல்லாம் ஒரு நடையா? தள்ளுவண்டிக் குழந்தைகள் போகிற இடம்" என்றார் ஒரு நண்பர். அதற்குக் கீழே மூன்று சிரிப்பு முகங்கள். அங்கேயே பதில் சொன்னால் குழு கலைந்துவிடும் என்பதால் இங்கே எழுதுகிறேன். அவரும் படிப்பார். படிக்கட்டும்.

நம்மிடம் ஒரு பழக்கம் உண்டு. மூச்சு வாங்கவில்லை என்றால், கால் வலிக்கவில்லை என்றால், போனதாகவே கணக்கில்லை. வெள்ளியங்கிரி ஏறியவரிடம் கேட்டுப் பாருங்கள், சாமியைப் பற்றி அரை நிமிடம், ஆறாவது மலை ஏழாவது மலை பற்றி அரை மணி நேரம். பக்திக்கு அது சரி. அதே கணக்கைத் தூக்கிக்கொண்டு லண்டன் காட்டுக்கும் வந்துவிடுகிறோம், இப்போது கையில் அடிகளை எண்ணும் கடிகாரம் வேறு.

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். வயது எழுபத்தொன்று, இரண்டு முழங்காலும் தகராறு. ஈஸ்ட் ஹாம் வீட்டில் ஜன்னலோரம் உட்கார்ந்து பேருந்துகளைப் பார்த்துக்கொண்டே இரண்டு மாதம் ஓட்டிவிட்டார். பூங்காவுக்குக் கூப்பிட்டால் "புல்லைப் பாக்க என்னத்துக்குட்டி அவ்ளோ தூரம்?" என்பார். ஒரு சனிக்கிழமை காலை மழை விட்டதும் காரில் ஏற்றிக் கனாட் குளத்துக்குக் கூட்டிப்போனேன். கார் நிறுத்துமிடத்திலிருந்து இறங்கினால் எதிரிலேயே தண்ணீர். சுற்றிவர ஒன்றரை கிலோமீட்டர் போல இருக்கும், கெட்டித்த சமதளப் பாதை. படி கிடையாது, சறுக்கல் கிடையாது. அம்மா கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தார், உட்கார்ந்தார், மறுபடி நடந்தார். முழுச் சுற்றுக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆனது. என் நண்பர் இருபது நிமிடத்தில் முடித்துவிடுவார், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் மாண்டரின் வாத்து ஒன்று தன் ஆரஞ்சு நிறச் சிறகை இரண்டு பாய்மரம் போல நிமிர்த்திக்கொண்டு போனதை அவர் பார்த்திருக்க மாட்டார்.

பாதி வழியில் அம்மா நின்றுவிட்டார். கால் வலி என்று நினைத்தேன். அவர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏட்டி, இந்த மரத்தையெல்லாம் யாரோ வெட்டி வெட்டி விட்டிருக்காங்க. விறகுக்கு வெட்டினதாக்கும்?"

பதினோரு வருடமாக அந்தக் காட்டுக்குப் போய்வருகிறேன். எனக்கு அது தானாகத் தோன்றியதே இல்லை, தகவல் பலகையில் படித்துத்தான் தெரியும். சின்ன வயதில் உடங்காட்டில் சுள்ளி பொறுக்கிச் சுமந்தவருக்கு ஒரு பார்வையில் தெரிந்துவிட்டது.

அம்மா சொன்னது அப்படியே உண்மை. எப்பிங் காட்டின் பழைய பீச், ஹார்ன்பீம், ஓக் மரங்களில் பெரும்பாலானவை ஆள் உயரத்துக்கு மேலே திரும்பத் திரும்ப வெட்டப்பட்டவை. தரையோடு வெட்டினால் புதுத் துளிரை மாடும் மானும் மேய்ந்துவிடும். தலைக்கு மேலே வெட்டினால் துளிர் தப்பிக்கும், சில வருடத்தில் மறுபடி விறகு கிடைக்கும். அதனால்தான் அடிமரம் பீப்பாய் மாதிரி பருத்து, மேலே பத்துக் கைகளாகப் பிரிகிறது. நாம் "ஆதி வனம்" என்று படம் எடுத்துப் போடும் மரத்தின் உருவமே ஏழைகளின் அடுப்புக்காக வந்தது.

அந்த விறகு உரிமைக்குப் பின்னால் ஒரு வழக்கே இருக்கிறது. லவுட்டன் கிராமத்தார் நவம்பர் 11 முதல் ஏப்ரல் 23 வரை கிளை வெட்டிக்கொள்ளலாம் என்பது பழைய வழக்கம். நம் ஊரில் மேய்ச்சல் புறம்போக்கில் ஊருக்கு இருக்கும் பாத்தியதை போல என்று வைத்துக்கொள்ளுங்கள். 1860களில் நிலக்கிழார்கள் காட்டைத் துண்டு துண்டாக வேலி போட ஆரம்பித்தார்கள். பக்கத்திலிருந்த ஹெய்னால்ட் காட்டுக்கு 1851இல் ஒரு சட்டம் வந்து, பெரும்பகுதி மரங்களை வேரோடு பிடுங்கி வயலாக்கியிருந்தார்கள். எப்பிங்குக்கும் அதே கதிதான் ஆகியிருக்கும். தாமஸ் வில்லிங்கேல் என்ற தொழிலாளி வேலியை மதிக்காமல் வெட்டினார், அவர் குடும்பத்து ஆட்கள் சிறைக்கும் போனார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி மேனர் பார்க்கில் இருக்கும் சிட்டி ஆஃப் லண்டன் கல்லறைத் தோட்டம். எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லலாம். லண்டன் மாநகராட்சி, அதாவது பழைய சிட்டி ஆஃப் லண்டன், 1850களில் அந்த நிலத்தை வாங்கியது. அந்த நிலத்தோடு எப்பிங் காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. அந்த ஒரு பிடியை வைத்து மாநகராட்சி 1871இல் நிலக்கிழார்கள் மேல் வழக்குப் போட்டது. வேலிகள் சட்டவிரோதம் என்று 1874இல் தீர்ப்பு வந்தது. இடுகாட்டு நிலத்தின் மேய்ச்சல் பாத்தியதையால் பிழைத்த காடு! 1878இல் எப்பிங் காட்டுச் சட்டம், 1882இல் விக்டோரியா மகாராணியே காட்டுக்குள் இருக்கும் ஹை பீச் என்ற இடத்துக்கு வந்து, என் மக்கள் என்றென்றைக்கும் அனுபவிக்கட்டும் என்று அறிவித்தார்.

என் வாதம் அந்த "மக்கள்" என்ற சொல்லில்தான் நிற்கிறது. முழங்கால் தேய்ந்தவர்கள் அதில் இல்லையா? சக்கர நாற்காலிக்காரர், இரட்டைக் குழந்தைகளைத் தள்ளிக்கொண்டு வரும் பெண், கண் மங்கிய தாத்தா? லண்டன் களிமண்ணைப் பற்றித் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், அக்டோபரிலிருந்து மார்ச் வரை அந்தக் காட்டின் மண் பாதைகள் செருப்பைப் பிடுங்கிக்கொள்ளும். கெட்டிப் பாதை இல்லையென்றால் இவர்களுக்குக் காடு வருடத்தில் பாதி நாள் மூடிக் கிடப்பதற்குச் சமம்.

"பாதை போட்டால் காட்டின் இயல்பு கெடும்" என்று குழுவில் இன்னொருவர் எழுதியிருந்தார். காடு முழுக்கப் போட்டால் கெடும்தான், நானும் எதிர்ப்பேன். ஆனால் தெற்கே மேனர் பார்க்கிலிருந்து வடக்கே எப்பிங் தாண்டி நீளும் சுமார் 6,000 ஏக்கரில் இப்படிப்பட்ட பாதைகள் ஒரு கை விரலில் அடங்கும் போல: கனாட், ஹை பீச், நைட்டன் வுட் என்று. இன்னொன்றும் கவனியுங்கள். பீச் மரத்தின் வேர் ஆழமாகப் போகாது, மேலாகப் படரும். ஆட்கள் சேற்றைத் தவிர்க்க வழியைவிட்டு விலகி விலகி நடக்கும்போது பாதை அகலமாகிக்கொண்டே போகும், வேரின் மேல் மண் இறுகும், தண்ணீர் இறங்காது. ஒழுங்கான ஒரு பாதை இருந்தால் கூட்டம் அதிலேயே போகும். குறுக்கு வழியில் மிதித்துத் தள்ளுவது யார் என்றால், மன்னிக்கவும், நம் "சவால்" நடைக்காரர்கள்தான்.

ஒரு வேடிக்கை. 1878 சட்டம் காட்டைக் காப்பாற்றியது, விறகு வெட்டும் உரிமையை நஷ்டஈடு கொடுத்து முடித்தும் வைத்தது. அந்தப் பணத்தில் 1884இல் கட்டிய லாப்பிங் ஹால் (லாப்பிங் என்றால் கிளை வெட்டுவது) இன்னும் லவுட்டனில் நிற்கிறது. வெட்டு நின்றதும் கிளைகள் பெருத்து, பழைய அடிமரங்கள் பாரம் தாங்காமல் பிளக்க ஆரம்பித்தன. நிழல் அடர்ந்து கீழே செடி முளைக்கவில்லை. இப்போது பராமரிப்பவர்களே சில மரங்களை மறுபடி வெட்டிவிடுகிறார்கள், மாடும் மேய விடுகிறார்கள். மனிதர் கை படாத புனிதம் என்று அந்தக் காட்டைப் பற்றிப் பேசுபவர்களைக் கண்டால் அம்மாவை அனுப்பி வைக்கலாம் என்றிருக்கிறது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஞாயிறு காலை பத்தரைக்கு சிங்ஃபர்ட் ரயில் நிலைய வாசல். நடக்க முடிந்தவர்கள், எட்டாம் ஹென்றிக்காக 1543இல் கட்டிய வேட்டை மாளிகை வழியாக வரலாம், உள்ளே போய்ப் பார்க்கவும் காசில்லை. மற்றவர்களைக் காரில் குளத்தடியில் இறக்கிவிடுகிறேன், என் வண்டியில் மூன்று இடம் இருக்கிறது. காளான் கண்ணில் பட்டாலும் பறிக்காதீர்கள், அங்கே தடை. அம்மா புளியோதரை கட்டுவதாகச் சொல்லியிருக்கிறார். இருபது நிமிடத்தில் முடிக்க நினைப்பவர்கள் நான்கு சுற்று சுற்றிவிட்டு வாருங்கள், அதற்குள் நாங்கள் ஒரு சுற்றை முடித்துவிட்டுப் பொட்டலத்தைப் பிரிப்போம்.