'ஒண்டு'ம் 'வன்'னும் சொந்தமில்லை, கதிரையும் 'செயா'ரும் சொந்தம்

'ஒன்று' என்ற சொல்லில் இருந்துதான் ஆங்கிலத்தின் 'வன்' பிறந்தது, 'எட்டு'தான் 'எயிற்' ஆனது என்று சொல்லும் பட்டியல் முகநூலில் ஓய்வதேயில்லை. பகிர்கிறவர்களின் தமிழ்ப்பற்றில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அந்தப் பட்டியலால் தமிழுக்குக் கேடுதான். தமிழில் இருந்து உண்மையாகவே வெளியே போன சொற்களையும் யாரும் நம்பாத நிலைக்கு அது கொண்டுபோகிறது.

இரண்டு சொற்கள் உறவா என்று பார்ப்பதற்கு, இன்றைய உச்சரிப்பைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பயனில்லை. ஒவ்வொன்றையும் அதனதன் மொழிக்குள்ளேயே முடிந்தவரை பின்னுக்குக் கொண்டுபோக வேண்டும். உறவுள்ள சொற்கள் பின்னே போகப் போக நெருங்கும். தற்செயலாக ஒத்தவை பின்னே போகப் போக விலகும்.

எட்டை எடுங்கோ. எண்பது, எண்ணூறு, எண்டிசை என்பவற்றைப் பார்த்தால் அடி 'எண்' என்று தெரிகிறது. தனியே நிற்கும்போது மட்டும் ணகரம் மறைந்துவிட்டது. ஆங்கிலச் சொல்லோ பழைய ஆங்கிலத்தில் 'எயஹ்த', ஜேர்மனில் 'அஹ்ட்', இலத்தீனில் 'ஒக்தோ', சமஸ்கிருதத்தில் 'அஷ்ட'. ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் உச்சரிக்காத இரண்டு எழுத்துகள் நிற்கின்றனவே, அவை அந்த ஹகர ஒலியின் மிச்சம். ஒருபக்கம் 'எண்', மறுபக்கம் 'ஒக்தோ'. ஒற்றுமை எங்கே போனது?

'வன்' இன்னும் தெளிவு. பழைய ஆங்கிலத்தில் அது 'ஆன்'. முன்னால் நிற்கும் வகர ஒலி பிற்காலத்தில் வந்து ஒட்டியது. அதே சொல்லில் இருந்து கிளைத்த 'அலோன்', 'ஒன்லி' இரண்டிலும் இன்றுவரை வகரம் இல்லை. எங்கள் ஒன்றுக்கு அடி ஒரு, ஓர். கன்னடத்தில் 'ஒந்து', யாழ்ப்பாணப் பேச்சில் 'ஒண்டு'. இந்த 'ஒண்டு'வைக் கொச்சை என்று தள்ளக்கூடாது. அதில் ஓர் ஒழுங்கு இருக்கிறது. மூன்று மூண்டு, கன்று கண்டு, பன்றி பண்டி, நின்று நிண்டு: 'ன்ற' வந்த இடமெல்லாம் 'ண்ட'. உறவு என்று சொல்கிறவர் காட்டவேண்டியது இப்படிப் பல சொற்களில் திரும்பத் திரும்ப வரும் மாற்றத்தை. ஒன்றும் எட்டும் பட்டியலில் இருக்கின்றன. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து ஏன் இல்லை?

தற்செயல் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு, அவுஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்தில் பேசப்பட்ட ம்பபரம் மொழி சாட்சி. அதில் நாய்க்குப் பெயர் 'டொக்'. மொழியியலாளர் டிக்சன் பதிவுசெய்தது. ஆங்கிலத்தில் இருந்து போன சொல் அல்ல. பக்கத்து மொழியில் 'குடக' என்று இருப்பதன் முன்னும் பின்னும் தேய்ந்து வந்தது. ஒலியும் ஒன்று, பொருளும் ஒன்று, உறவு மட்டும் இல்லை.

இனி உண்மையான உறவுக்கு வருவோம். போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள், 1658இல் ஒல்லாந்தர் பறித்தார்கள். இரு ஆட்சிகளின் சொற்களும் இன்னும் எங்கள் வீட்டுக்குள் இருக்கின்றன. போர்த்துக்கேயம் தந்தவை கதிரை (நாற்காலி), மேசை, யன்னல், வாங்கு, பாண் (ரொட்டி), சப்பாத்து (காலணி), லேஞ்சி (கைக்குட்டை), குசினி (சமையலறை), அலவாங்கு (கடப்பாரை). ஒல்லாந்து தந்தவை கந்தோர் (அலுவலகம்), லாச்சி (மேசை இழுப்பறை), போஞ்சி (பீன்ஸ்), கக்கூசு. கதிரை 'கதெய்ரா'வில் இருந்து வந்தது. அதற்கு மூலம் கிரேக்க, இலத்தீன் 'கதெட்ரா', இருக்கை. அதே 'கதெட்ரா' பிரெஞ்சுக்குள் தேய்ந்து, ஆங்கிலத்தில் 'செயார்' ஆனது. ஆயரின் இருக்கை உள்ள கோவில் 'கதீட்ரல்' ஆனதும் அதனால்தான். கதிரையும் செயாரும் கேட்க ஒத்திருக்கவில்லை, ஆனால் இரத்த உறவு.

சில கடன்சொற்களை முதலெழுத்தே காட்டிக்கொடுக்கும். லகரம் தமிழ்ச் சொல்லுக்கு முதலில் வராது, யகரம் ஆகாரத்தோடு மட்டுமே வரும் என்பது தொல்காப்பிய விதி. லாச்சி, லேஞ்சி, யன்னல் மூன்றும் அங்கேயே பிடிபடுகின்றன. ஆனால் இந்தச் சோதனையைத் தாண்டிவிடும் சொற்களில்தான் கவனம் வேண்டும். இருக்கிற 'வாங்கு' பச்சைத் தமிழ் போலவே நிற்கிறது. வளைதல் என்ற பொருளுள்ள வாங்குதலோடு முடிச்சுப் போட ஆசை வரும். அது 'பாங்கோ', பகரம் வகரமானது. கூறிவிற்கும் ஏலம் போர்த்துக்கேய 'லெய்லாவ்'. கறிக்குப் போடும் ஏலத்தோடு அதற்குத் தொடர்பே இல்லை. ஆங்கிலத்திலும் இப்படித்தான், 'காஷ்' இரண்டு. கையிருப்புப் பணம் என்பது பணப்பெட்டியைக் குறித்த இலத்தீன் 'கப்சா'வின் வழி வந்தது. கீழைநாட்டுச் சிறு நாணயம் என்ற பழைய 'காஷ்' மட்டுமே எங்கள் காசு. பட்டியல்காரர் இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள்.

சிங்களத்தில் 'மேசய', 'கந்தோருவ', 'போஞ்சி' இருப்பதைக் கண்டு யார் யாரிடம் எடுத்தது என்று சண்டை பிடிக்கவும் தேவையில்லை. இருவரும் மூன்றாம் ஆளிடம் வாங்கியவை.

தமிழ் உலகுக்குக் கொடுத்தது குறைவா? சுருட்டு 'செரூட்' ஆனது. கட்டுமரம், குருந்தக்கல் இரண்டும் ஐரோப்பிய மொழிகளுக்குள் போயின. என் மதிப்பில் எல்லாவற்றிலும் மேலானது இஞ்சி. பாளியில் 'சிங்கிவேர', கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்', ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்'. பின்பாதி எங்கள் வேர். முன்னால் நிற்கும் சகரம், தென் திராவிட மொழிகளில் சொல்முதலில் உதிர்ந்த பழைய ஒலி. எங்கள் ஆறு என்ற எண், நடு இந்தியத் திராவிட மொழியான கோண்டியில் சகரத்தோடு 'சாரூங்' என்று இருப்பதும் அந்த ஒழுங்கே. பின்னே போகப் போக நெருங்குகிறது, பாருங்கோ. 'ரைஸ்' அரிசியில் இருந்து வந்தது என்பதற்கு இந்தப் பலம் இல்லை. கிரேக்க 'ஒருசா' ஈரானிய மொழிகள் வழியாக வந்தது என்பதற்கும் நல்ல வாதம் உண்டு.

தேடிப் பார்க்கச் செலவில்லை. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதியும், மொழியியலாளர்கள் பரோ, எமனோ தொகுத்த திராவிடச் சொற்பிறப்பியல் அகராதியும் சிக்காகோ பல்கலைக்கழக இணையத்தளத்தில் இலவசமாக இருக்கின்றன. முதலாவதில் பொருளும் பழைய நூல்களில் சொல் வரும் இடமும் பாருங்கோ. இரண்டாவதில் அதே சொல் மற்றத் திராவிட மொழிகளில் இருக்கிறதா என்று பாருங்கோ. பேரகராதி சிலவேளை தமிழ்ச் சொல்லுக்கும் சமஸ்கிருத மூலம் காட்டிவிடும், ஆகவே இரண்டையும் சேர்த்தே பார்க்கவேண்டும்.

இரண்டிலும் கிடைக்காத சான்று ஒன்று யாழ்ப்பாண வீடுகளிலேயே கிடக்கிறது: பழைய காணி உறுதிகள். தோம்பு (காணிப் பதிவேடு), நொத்தாரிசு (உறுதி எழுதுபவர்), பிறக்கிராசி (வழக்கறிஞர்) போன்ற சொற்கள் எந்த ஆண்டில், எந்த எழுத்தில் வழங்கின என்பதற்குத் திகதியோடு கூடிய சாட்சி அவை. கறையான் அரிக்க முன்னர் பக்கம் பக்கமாகப் படம் எடுங்கோ, திகதியுள்ள பக்கத்தைத் தவறவிடாமல்.