சிறுத்தைப் புள்ளிப் பாறை: உயிர் இன்னும் உறுதியாகவில்லை

"பெர்சவரன்ஸ் ரோவர் பாறையைத் தன் ஆய்வகத்தில் சோதித்து, செவ்வாயில் உயிர் இருந்ததை நிரூபித்துவிட்டது" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். செவ்வாயில் ஓடும் இந்த ஆய்வு வண்டியை அனுப்பிய நாசா அப்படிச் சொல்லவில்லை.

2024 ஜூலையில் செவ்வாயின் ஜெசெரோ பள்ளத்துக்குள் பாயும் பழைய ஆற்றுத்தடம் ஒன்றில் அந்தப் பாறை கிடைத்தது. செயாவா ஃபால்ஸ் என்று பெயர். சிறுத்தைத் தோல் போலப் புள்ளிகள். அவற்றில் விவியனைட், கிரெய்கைட் என்ற இரும்புத் தாதுக்கள் இருப்பதாகத் தெரிகிறது; பாறையில் கரிமப் பொருளும் (கார்பன் சேர்மங்கள்) உண்டு. பூமியின் சேற்றில் இத்தகைய தாதுக்களை நுண்ணுயிர்கள் உண்டாக்குவதுண்டு, அதனால்தான் இத்தனை பரபரப்பு. ஆனால் உயிரே இல்லாமல் வெறும் வேதிவினையாலும் இவை உருவாகலாம். அத்தகைய வினைகள் சிலவற்றுக்கு அதிக வெப்பம் வேண்டும்; வெப்பம் பட்டதற்கான தடயம் அங்கே இல்லாததால் அந்த விளக்கம் கொஞ்சம் பலவீனப்படுகிறது, அவ்வளவுதான். 2025 செப்டம்பரில் நேச்சர் இதழில் வந்த கட்டுரையும் 'உயிர்த்தடமாக இருக்கக்கூடியது' என்றுதான் சொல்கிறது.

சரி, அந்த 'ஆய்வகம்'? பாறைத்தூளைச் சூடாக்கி வாயுக்களை அளக்கும் அடுப்பு இருப்பது செவ்வாயில் வேறோர் இடமான கேல் பள்ளத்தில் ஓடும் நாசாவின் இன்னொரு ரோவர் கியூரியாசிட்டியில். பெர்சவரன்ஸ் கையில் இருப்பவை, பாறையின் மேற்பரப்பை எக்ஸ்ரேயாலும் புற ஊதா லேசராலும் துழாவும் கருவிகள். துளைத்தெடுத்த மாதிரியைக் குழாயில் அடைத்து வைத்திருக்கிறது. அதன் ஐசோடோப்புகளை (ஒரே தனிமத்தின் எடை வேறுபட்ட அணுக்களை) துல்லியமாக அளக்க அது பூமிக்கு வந்தாக வேண்டும். கொண்டுவரும் திட்டமோ செலவுச் சிக்கலில் மாட்டிக்கொண்டது.