"அந்த வார்த்தையை எழுதாதீங்க தம்பி"

நான்கு வருடத்துக்கு முன்னால், ஒரு காலனி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஒரு அம்மாவுக்கு மனு எழுதிக்கொண்டிருந்தேன். முந்தின நாள் சாயங்காலம் ஊர்த்தெருவில் அவர் மகனுடைய பைக்கை மறித்து அடித்திருந்தார்கள். கையில் எட்டுத் தையல். ரேஷன் கடை வரிசையில் நின்றபடி எல்லாவற்றையும் பார்த்தவர் அவர். எத்தனை பேர், யார் கையில் கட்டை, எந்தக் கடை வாசல் என்று கடகடவென்று சொல்லிக்கொண்டு வந்தார். "என்ன சொல்லித் திட்டினாங்கம்மா?" என்று கேட்டதும் நின்றுவிட்டார்.

"அந்த வார்த்தையை எழுதாதீங்க தம்பி. நாளைக்கு எம் பேத்தி படிப்பா."

எனக்குப் பேனா ஓடவில்லை. ஆனால் வழக்கே அந்த வார்த்தையில்தான் இருக்கிறது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி, பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ நாலு பேர் பார்க்கும் இடத்தில் சாதிப் பெயரைச் சொல்லி இழிவுபடுத்தினால் அதுவே தனிக் குற்றம். வார்த்தையை விட்டுவிட்டால் மிஞ்சுவது ஒரு சாதாரண அடிதடி. இதைச் சொன்னேன். முகத்தைச் சுவர் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னார். எழுதினேன்.

ஸ்டேஷனில் அது சுருங்கிப்போனது. "பைக் ஓட்டியதில் ஏற்பட்ட வாய்த்தகராறு." சாதிப் பெயரும் இல்லை, அந்தச் சட்டத்தின் பிரிவும் இல்லை. அடி வாங்கிய பையன் மேலேயே அன்று ராத்திரி எதிர் வழக்கு. மறுநாள் செய்தியில் "இரு தரப்பினர் மோதல்".

வெறுப்புக் குற்றம் இப்படித்தான் காணாமல் போகிறது. முதல் தகவல் அறிக்கையில் எழுதப்படாதது கணக்கிலும் வராது. 2022இல் பட்டியல் சாதியினருக்கு எதிரான குற்றங்கள் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் காட்டிய எண்ணிக்கை 57,582. பதிவானவை மட்டும்தான் இவை. வாய்த்தகராறாக மாறியவை இதில் இல்லை. கும்பல் கொலைகளைப் பற்றி 2017இல் திரட்டிய தகவலோ, நம்பகமாக இல்லை என்று சொல்லி வெளியிடப்படாமலே நின்றுபோனது. நம்பகமாக இல்லையென்றால் ஒழுங்காகத் திரட்ட வேண்டியதுதானே?

இன்னொரு பக்கம், "பி.சி.ஆர். போட்டுடுவாங்க" என்று டீக்கடையில் சலித்துக்கொள்பவர்கள். 1989இல் வந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்துக்கு இன்னும் பழைய குடிமை உரிமைப் பாதுகாப்புச் சட்டத்தின் பெயரைத்தான் சொல்கிறார்கள். அந்த வழக்கைப் பதிய வைக்க ஒரு குடும்பம் எத்தனை நாள் ஸ்டேஷன் வாசலில் நிற்கிறது என்று அவர்கள் ஒரு தடவை வந்து பார்க்க வேண்டும்.

எழுதி வைத்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்பவர்களிடம் நான் தருமபுரி மாவட்டத்து வாச்சாத்தியைத்தான் சொல்வேன். 1992 ஜூன் 20. சந்தனக்கட்டை தேடுகிறோம் என்று வனத்துறையும் போலீசும் வருவாய்த்துறையும் அந்தப் பழங்குடி மக்களின் ஊருக்குள் புகுந்தன. ஊரே சூறையாடப்பட்டது. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். அரசுத் தரப்பு அப்படி ஒன்றும் நடக்கவில்லை என்று சாதித்தது. மலைவாழ் மக்கள் சங்கத்தினர் அந்தப் பெண்களிடம் உட்கார்ந்து கேட்டார்கள், எழுதினார்கள். தேசிய எஸ்.சி., எஸ்.டி. ஆணையத்தின் அதிகாரி நேரில் போய் அறிக்கை கொடுத்தார். பிறகுதான் சி.பி.ஐ. வந்தது. குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர், அத்தனை பேரும் அரசு ஊழியர்கள். தீர்ப்பு வந்த 2011க்குள் 54 பேர் செத்துப்போயிருந்தார்கள். மிச்சம் 215 பேரும் குற்றவாளிகள் என்றது நீதிமன்றம். 2023இல் உயர் நீதிமன்றமும் அதை உறுதி செய்தது. நடந்ததே இல்லை என்று சொல்லப்பட்ட ஒரு நாள்!

2015இல் தலித் இளைஞர் கோகுல்ராஜ் கொல்லப்பட்ட திருச்செங்கோடு வழக்கும் அப்படித்தான். ரயில் தண்டவாளத்தில் கிடந்த உடலைத் தற்கொலை என்று காட்டப் பார்த்தார்கள். முக்கியமான சாட்சி பிறழ்ந்தார். கோயில் கேமராவின் பதிவு பிறழவில்லை. 2022இல் பத்துப் பேருக்கு ஆயுள் தண்டனை.

அதனால் கேட்கிறேன். உங்கள் ஊர்ப் பக்கம் ஏதாவது நடந்தால், ஆத்திரப்பட்டுப் பதிவு போடுவதற்கு முன்னால் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போங்கள். நேரம், இடம், சொன்ன வார்த்தை அப்படியே, பக்கத்தில் நின்றவர்கள் யார். வீட்டுக்குள் சொன்னதா, தெருவில் சொன்னதா என்பது கோர்ட்டில் பெரிய கேள்வி, அதை விடாதீர்கள். மருத்துவமனைச் சீட்டை வாங்கி வையுங்கள். ஸ்டேஷனில் மனுவை வாங்கவில்லை என்றாலோ மாற்றி எழுதினாலோ அதே மனுவை எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். அடிபட்டவர் முகத்தை மட்டும் தயவுசெய்து வாட்ஸ்அப்பில் சுற்ற விடாதீர்கள். வீடியோவை வழக்கறிஞரிடம் கொடுங்கள், போதும்.

அந்த அம்மாவின் மனுவையும் அப்படி அனுப்பியிருந்தோம். அதை வைத்துத்தான் பிறகு பிரிவு சேர்ந்தது. போன மாதம் அவருக்குக் குறுக்கு விசாரணை. "சாதிப் பெயரைச் சொன்னதாக வக்கீல்தானே சொல்லிக் கொடுத்தார்?" என்று கேட்டார்கள். "இல்லைங்கய்யா, மறுநாள் காலையிலேயே எழுதிக் கொடுத்தேன்" என்றார். நீதிபதி மனுவை வாங்கித் தேதியைப் பார்த்தார். அந்த வார்த்தையைச் சொல்லச் சொன்னார். இந்த முறை அந்த அம்மா முகத்தைத் திருப்பவில்லை.