மசாலா பாக்கெட் போடப் போகிறீர்களா? ஜிஎஸ்டி இருக்கட்டும், முதலில் தராசைப் பாருங்கள்

வீட்டிலோ சின்ன வாடகை இடத்திலோ மசாலாப் பொடி அரைத்து பாக்கெட் போட்டு விற்க ஆரம்பிப்பவர்கள் எடுத்ததும் கேட்பது, "ஜிஎஸ்டி எடுக்கணுமா?" என்பதுதான். என் கருத்து: இந்த அளவு வியாபாரத்தில் முதல் வருஷம் ஆளை மாட்டிவிடுவது ஜிஎஸ்டி இல்லை, தராசும் லேபிளும்தான். அதை யாரும் சொல்லித் தருவதில்லை, ஏனென்றால் அதில் ஆடிட்டருக்கு வேலை இல்லை.

ஜிஎஸ்டியை முதலில் முடித்துவிடுவோம். தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்றால் வருஷ விற்பனை 40 லட்சம் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் இன்ஸ்டாகிராமில் ஆர்டர் வந்தது என்று பெங்களூருக்கு ஒரு கிலோ சாம்பார் பொடி கூரியர் போட்டால் அந்த 40 லட்சக் கணக்கு செல்லாது. வெளிமாநில விற்பனைக்கு முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். காம்போசிஷன் திட்டத்தில் (சிறு வியாபாரிகள் விற்பனையில் சிறு சதவீதத்தை வரியாகக் கட்டும் எளிய முறை) இருந்தாலும் வெளிமாநிலத்துக்கு அனுப்ப முடியாது. சிலர் "எதுக்கும் இருக்கட்டும்" என்று எண் வாங்கிப் போட்டுவிட்டு, விற்பனை இல்லையே என்று ரிட்டர்ன் போடாமல் விடுகிறார்கள். விற்பனை பூஜ்யம் என்று காட்டும் நில் ரிட்டர்னுக்கும் தாமதமானால் நாளுக்கு 20 ரூபாய். தேவைப்படும்வரை எடுக்காதீர்கள்.

இப்போது தராசு. ஆன்லைனில் 400 ரூபாய்க்குக் கிடைக்கும் கிச்சன் தராசில் எடை போட்டு விற்கக் கூடாது. விற்பனைக்குப் பயன்படுத்தும் தராசை அரசு சோதித்து முத்திரை போட்டிருக்க வேண்டும். மாடல் அப்ரூவல், அதாவது அந்த வகைத் தராசுக்கு அரசு ஒப்புதல், இல்லாத தராசுக்கு முத்திரை போட மாட்டார்கள். தமிழ்நாட்டில் எடையளவு முத்திரை தொழிலாளர் துறையின் கீழ் வருகிறது. மின்னணுத் தராசுக்கு வருஷத்துக்கு ஒருமுறை மறுமுத்திரை; சான்றிதழைக் கடையில் பார்வையில் மாட்ட வேண்டும். ரிப்பேருக்குக் கொடுத்து சீல் உடைந்தால், தேதி மீதி இருந்தாலும் மறுபடி முத்திரைதான். மெக்கானிக் இதைச் சொல்லாமல் கையில் கொடுத்துவிடுவார்.

அடுத்தது பாக்கெட்டின் எடை. கவர் எடையைக் கழித்துத்தான் நிகர எடை. 100 கிராம் பாக்கெட்டில் 4.5 கிராம்வரை, 500 கிராமில் 15 கிராம்வரை குறை சட்டத்தில் பொறுத்துக்கொள்ளப்படும். "அப்போ 96 கிராம் போட்டால் போதுமே" என்று கணக்குப் போடுபவர்கள் அங்கேதான் விழுகிறார்கள். ஆய்வில் பல பாக்கெட்டுகளை எடுத்து சராசரி பார்ப்பார்கள். சராசரி 100க்குக் குறையக் கூடாது. பொடியில் ஈரம் இருந்தால் கவருக்குள்ளேயே காய்ந்து எடை இறங்கும். நன்றாக ஆறவிட்டு, 102 கிராம் வைத்து சீல் பண்ணுவது நிம்மதி.

லேபிளில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். பொருளின் பெயர், தயாரிப்பாளர் பெயர் முழு முகவரியோடு, நிகர எடை, தயாரித்த தேதி, எல்லா வரியும் சேர்த்த எம்ஆர்பி, புகாருக்கான போன், மின்னஞ்சல்: இவை தெரிந்ததே. தெரியாமல் விடுவது யூனிட் விலை. 200 கிராம் 90 ரூபாய் என்றால், கிராமுக்கு 0.45 ரூபாய் என்று தனியாக அச்சிட வேண்டும். கிராமைக் குறிக்க ஆங்கிலத்தில் ஒற்றை எழுத்து 'ஜி' மட்டும். 'ஜிஎம்எஸ்' என்று போடுவது பிழை, அச்சகத்துக்காரர் பழக்கத்தில் அதைத்தான் போடுவார். இன்னொன்று பலருக்கு ஆச்சரியமாக இருக்கும்: கட்டாய விவரங்கள் ஆங்கிலத்திலோ இந்தியிலோ இருந்தாக வேண்டும், தமிழ் கூடுதலாகத்தான். ஆசையாகத் தமிழில் மட்டும் லேபிள் அடித்தால் அது செல்லாது. எனக்கு இந்த விதியில் உடன்பாடு இல்லை, ஆனால் விதி அதுதான். விலை ஏறியதும் பழைய எம்ஆர்பி மேல் ஸ்டிக்கர் ஒட்டி ஏற்றுவதும் கூடாது. அதனால் முதல் தடவையே பத்தாயிரம் கவர் அச்சடிக்காதீர்கள். விலை, தேதி, பேட்ச் எண்ணுக்கு இடம் விட்டு, பேக்கிங் அன்று இங்க் பிரிண்டரில் போட்டுக்கொள்ளுங்கள்.

பாக்கெட் போட ஆரம்பித்த 90 நாளுக்குள் எடையளவுச் சட்டப்படி பேக்கராகப் பதிய வேண்டும். கட்டணம் 500 ரூபாய். இது உணவுப் பாதுகாப்புப் பதிவிலிருந்து வேறு. உணவுப் பதிவின் 14 இலக்க எண் ஒரு முகவரிக்கு மட்டும்தான். வீட்டில் அரைத்து, கடையில் விற்றால் இரண்டுக்கும் தனித்தனியாக எடுக்க வேண்டும். அரைத்த மசாலாவை உதிரியாக அளந்து விற்கவும் கூடாது.

இடம் பற்றி ஒரு எச்சரிக்கை. வீட்டு மின் இணைப்பில் வியாபாரத்துக்கு மெஷின் ஓட்டினால், 2003 மின்சாரச் சட்டம் 126ஆம் பிரிவில் உரிய கட்டணத்தின் இரண்டு மடங்கு போட்டு முந்தைய மாதங்களுக்கும் சேர்த்துக் கேட்பார்கள். மெஷின் வாங்கும் முன்பே மின் கட்டண விகித மாற்றத்துக்கு விண்ணப்பியுங்கள். வாடகை ஒப்பந்தம், சொத்து வரி ரசீது, மின் கட்டண ரசீது மூன்றிலும் கதவு எண் ஒன்றாக இருக்கிறதா என்றும் பாருங்கள். பழைய எண், புது எண் குழப்பத்தில்தான் பாதி விண்ணப்பம் திரும்பி வருகிறது.

கடை போர்டில் மட்டும் தமிழ்தான் முதலில், பெரிதாக. தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 அளவில். ஆள் வைத்தால் உட்கார இருக்கை கட்டாயம், 2021இலிருந்து. தேசிய விடுமுறை 4, பண்டிகை விடுமுறை 5, சம்பளத்தோடு. 10 பேர் ஆகிவிட்டால் கடைகள் சட்டப் பதிவும் இஎஸ்ஐயும் (ஊழியர் காப்பீடு) வந்துவிடும், அது தனிக் கட்டுரையாகவே எழுத வேண்டிய அளவு இருக்கிறது.

உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) மட்டும் யாருக்கும் காசு கொடுக்காமல் நீங்களே போடுங்கள். அரசுத் தளத்தில் ஆதாரும் பான் எண்ணும் போதும், முழுக்க இலவசம். கூகுளில் மேலே விளம்பரமாக வந்து ஆயிரம் இரண்டாயிரம் கேட்கும் தளம் அரசுடையது அல்ல.