ஒரு நாள் விடுமுறைக்கு என்ன விலை?

பணமுடை வந்தால் நாட்காட்டியில் கைவைக்கும் பழக்கம் ஐரோப்பிய அரசுகள் சிலவற்றுக்கு இருக்கிறது. வைக்கட்டும். யார் மறைக்காமல் வைத்தார்கள் என்பதுதான் என் கேள்வி.

டென்மார்க்கில் 1686 முதல் ‘பெரும் பிரார்த்தனை நாள்’ என்றொரு விடுமுறை இருந்தது. ஈஸ்டருக்குப் பிறகு வரும் நான்காம் வெள்ளி. பிரார்த்தித்தவர்கள் எத்தனை பேரோ, முதல் நாள் மாலை ஏலக்காய் மணக்கும் கோதுமை பன்னை இரண்டாகப் பிளந்து, வாட்டி, வெண்ணெய் தடவித் தின்றவர்கள் ஏராளம். பாதுகாப்புச் செலவைக் காரணம் காட்டி 2023 பிப்ரவரியில் நாடாளுமன்றம் அதை ரத்துசெய்தது. 2024 முதல் அது வேலைநாள், ஈடாக 0.45 சதவீதக் கூடுதல் ஊதியம். ஒரு நாள் உழைப்புக்கு ஒரு நாள் கூலி, கணக்கில் குறையில்லை. ஆனாலும் பல்லாயிரம் பேர் தெருவில் இறங்கினார்கள். அங்கே வேலைநேரமும் கூலியும் சங்கங்களும் முதலாளிகளும் பேசி முடிக்கும் விவகாரம். அரசு குறுக்கே புகுந்தால் கோபம் வராதா?

ஜெர்மனியில் அக்டோபர் 3 தவிர மற்ற விடுமுறைகளெல்லாம் மாநிலங்களின் கையில். (ஆக்ஸ்பர்க் நகருக்கு மட்டும் ஆகஸ்ட் 8 தனி விடுமுறை. கொடுத்துவைத்தவர்கள்!) 1995இல் முதுமையிலும் நோயிலும் பிறர் உதவி தேவைப்படுவோருக்கான பராமரிப்புக் காப்பீடு வந்தபோது, முதலாளிகள் கட்டவேண்டிய பங்குக்கு ஈடாக ஒரு விடுமுறையை விட்டுக்கொடுக்கும்படி மாநிலங்களிடம் சொன்னார்கள். நவம்பர் மாதப் புதன்கிழமை ஒன்றில் வரும் புராட்டஸ்டன்ட் மனந்திரும்புதல் நாள் பலியானது. சாக்சனி மட்டும் முடியாது என்றது. அதனால் இன்றும் சாக்சனித் தொழிலாளியின் சம்பளத்தில் அந்தக் காப்பீட்டுக்கு மற்ற மாநிலத்தவரைவிட அரை சதவீதம் கூடுதலாகப் பிடிக்கிறார்கள். முதலாளிக்கு அதே அளவு குறைகிறது. தொழிலாளிக்கு வயிறு எரியத்தான் செய்யும். ஆனாலும் எனக்குப் பிடித்த ஏற்பாடு இதுதான். விடுமுறையின் விலை சம்பளச் சீட்டிலேயே தெரிகிறது.

குழப்பத்துக்குப் பிரான்ஸ். 2003 வெப்ப அலையில் ஏறக்குறைய 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் முதியவர்கள். முதியோர் நலனுக்காக ஆளுக்கொரு நாள் ஊதியமின்றி உழைக்கவேண்டும் என்று அடுத்த ஆண்டே சட்டம் வந்தது. அதற்கு, ஈஸ்டருக்கு ஏழு வாரம் கழித்து வரும் கிறிஸ்தவ விடுமுறையான பெந்தெகொஸ்தே திங்களைப் பிடித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியதும், எந்த நாள் என்பதை நிறுவனங்களே முடிவுசெய்யட்டும் என்று 2008இல் தளர்த்தினார்கள். இப்போது அந்தத் திங்களன்று ஒருவர் வேலைக்குக் கிளம்புகிறார், பக்கத்து வீட்டுக்காரர் தூங்குகிறார். நாட்காட்டியிலோ அது இன்னமும் விடுமுறை! உண்மையில் அங்குள்ள 11 விடுமுறைகளில் சம்பளத்தோடு ஓய்வு தரவேண்டும் என்று சட்டம் கட்டாயப்படுத்துவது மே 1 ஒன்றைத்தான்.

இது போதாதென்று, 2025 கோடையில் பிரதமர் பைரூ ஈஸ்டர் திங்களையும், இரண்டாம் உலகப்போர் வெற்றி நாளான மே 8ஐயும் விடுமுறைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்றார். செப்டம்பரில் அவருடைய ஆட்சி கவிழ்ந்தது. அடுத்து வந்த பிரதமர் சில நாட்களிலேயே அந்த யோசனையைக் கைவிட்டார்.