தண்ணி எப்போ நிக்கும்? அதை மட்டும் சொல்லுங்க சார்!

"மரியாதைக்குரிய குடியிருப்புவாசிகள் அனைவருக்கும் செயலாளரின் பணிவான வணக்கம்." சரி சார், வணக்கம். மேட்டருக்கு வாங்க. வரமாட்டார். சம்ப்பில் சேறு சேர்ந்த வரலாறு, மூன்று பேரிடம் கொட்டேஷன் வாங்கிய புராணம், ஒத்துழைப்பு நல்கிய பொருளாளருக்கு நன்றி. வாட்ஸ்அப்புக்கே பொறுமை போய் 'மேலும் படிக்க' என்று வெட்டிவிட்டது. வெட்டுக்குக் கீழே, கடைசிக்கு முந்தைய வரியில் ஒளிந்திருக்கிறது விஷயம்: "நாளை காலை 9 முதல் 2 வரை தண்ணீர் வராது."

நாளையாம்! ராத்திரி பதினொன்றரைக்குப் போட்ட மெசேஜ். விடிந்ததும் பார்க்கிறவருக்கு எது நாளை? தேதி போட்டால் விரல் தேய்ந்துவிடுமா? ஒரு புண்ணியவான் அதை மறுநாள் பக்கத்து பிளாக் குரூப்புக்கு ஃபார்வர்டு செய்ய, வேலை முடிந்த பிறகு அங்கே பக்கெட் பக்கெட்டாகப் பிடித்து வைத்தார்கள்.

அப்புறம் ஆரம்பித்தது திருவிழா. "எத்தனை மணிக்கு சார்?" "எங்க பிளாக்குக்கும் உண்டா?" "நல்ல தண்ணியா, போர் தண்ணியா?" (அத்தனை நீள மெசேஜில் இது மட்டும் இல்லை.) நடுவில் "ஓகே சார்", "நன்றி சார்", கும்பிடு, மறுபடி கும்பிடு. மெசேஜை அழுத்திப் பிடித்து ஒரு கட்டைவிரல் போட்டால் எழுதியவருக்கு மட்டும் அறிவிப்பு போகும், மற்ற வீடுகளில் டிங் டிங் அடிக்காது. யார் கேட்கிறார்கள்? மூல மெசேஜ் எங்கோ மேலே போய்விட்டது. அதை 'பின்' (pin) பண்ணி 24 மணி நேரம் உச்சியிலேயே நிறுத்தலாம். அட்மின் மட்டும் பேசுகிற மாதிரி குரூப்பைப் பூட்டலாம். 15 நிமிஷத்துக்குள் அதே மெசேஜைத் திருத்தவும் செய்யலாம். இவரோ 'விளக்கமாகச் சொல்கிறேன்' என்று நாலு நிமிஷ வாய்ஸ் நோட் போட்டார்! ஆபீஸில் உட்கார்ந்து அதை எப்படிக் கேட்பது? அதில் மணியை எங்கே தேடுவது? அதற்கும் மேல் லெட்டர்ஹெட்டில் சீல் வைத்து, கோணலாக ஸ்கேன் செய்த பிடிஎஃப்.

இப்படிப் போட்டிருக்கலாமே: "14.10 செவ்வாய், காலை 9–2: ஏ, பி பிளாக்கில் இரண்டு தண்ணீரும் வராது. சம்ப் சுத்தம். 8 மணிக்குள் பிடித்து வையுங்கள். சந்தேகமென்றால் வாட்ச்மேன் ரூம்."

அவ்வளவுதான் சார். என்றைக்கு, எந்நேரம், யாருக்கு என்பது முதல் வரியிலேயே வந்துவிட வேண்டும். போனைத் திறக்காமலே திரையில் தெரிவது அந்த ஒன்றிரண்டு வரிதான். வணக்கத்தை அங்கே வைத்தால் வணக்கம் மட்டும்தான் தெரியும்.

எஸ்எம்எஸ்ஸே தேவலை. ஆங்கிலத்துக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70. புள்ளி, சுழி எல்லாம் தனித்தனிக் கணக்கு என்பதால் 'தண்ணீர்' என்ற ஒரு சொல்லே 7 இடத்தைத் தின்றுவிடும். 70 தாண்டினால் இன்னொரு மெசேஜுக்குக் காசு. அந்தப் பயத்திலாவது புராணத்தை விட்டார்கள்.

அது கிடக்கட்டும். லிஃப்ட்டில் ஃபேன் சுவிட்சைப் பிடுங்கியது யாருங்க? அதற்கு மட்டும் குரூப்பில் ஒருத்தரும் வாயே திறக்க மாட்டேன் என்கிறீர்களே!